பேச்சின் நடுவில் விட்ட இடம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோமா என்று கேட்டால் அதற்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும், கீழே எழுதுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதம் வந்தது. கடிதமா அது, கேள்வித்தாள்! ஆலைக்காரர்கள் எதற்குச் சிரிப்பார்கள், எதற்கு முகம் சுளிப்பார்கள், எதை நினைத்துப் பயப்படுகிறார்கள், ஒரு முடிவு எடுக்கும்போது யார் முகத்தைப் பார்ப்பார்கள்... போலீஸ்காரர்கூட இப்படிக் குடைய மாட்டார். ஆனால் காரணத்தைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சேர்மனே நேரில் வந்து பேசப்போகிறார், அந்தப் பேச்சை எழுதப்போவது என் தம்பி! என் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். வேலைநிறுத்தம் என்றாலும் கேட் முன்னால் உட்கார எல்லாரும் வந்துவிடுகிறார்கள், அதனால் எனக்கு ஓய்வில்லை. "உங்க தம்பி தலைமை ஆபீஸ்ல இருந்தும் நமக்கு என்ன பிரயோஜனம்னு நெனச்சேன், பரவால்லயே" என்றார் சங்கச் செயலாளர். உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று வேறு யாரோ சொன்னார்கள்.

பேச்சு எழுதுவதற்கு முன் மூட்டை நிறையச் சேர்க்க வேண்டும், பேசும்போது அதிலிருந்து ஒரு கைப்பிடிதான் எடுக்க வேண்டும், எடுக்காத மீதி பேசுகிறவர் குரலில் கனமாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். பெரிய ஆளாகிவிட்டாய். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்குக் கொடியில் காயும் துணிகளைக் கூட்டமென்று வைத்துக்கொண்டு கத்திப் பழகியவன்தானே நீ. துணிகளுக்கு நடுவில் முக்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். நீ மறந்து திருதிருவென்று விழிக்கும்போதெல்லாம் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பேன். அப்போதும் நான்தான் உன் கூட்டம், இப்போதும் நான்தான் கூட்டம் போலிருக்கிறது. சரி, என் பங்குக்கு மூட்டையைக் கட்டுகிறேன், பிடி.

ஆலையை இங்கே யாரும் ஆலை என்று சொல்வதில்லை. "உள்ளே" என்பார்கள். "உள்ளே போறேன்", "இப்பத்தான் உள்ளேருந்து வரேன்". வெள்ளைக்கல்லை அரைத்தால் வரும் தூளுக்கு மாவு என்று பெயர். சேர்மன் அதை உற்பத்திப் பொருள் என்று சொன்னாரானால் அங்கேயே எல்லார் காதும் மூடிக்கொள்ளும். சொல்லி வை.

சிரிப்பதும் அந்த மாவைப் பற்றித்தான். அரவைக் கூடத்திலிருந்து வருகிறவர்களுக்கு முடி, புருவம், மீசை எல்லாம் ஒரே வெள்ளை. புதிதாகக் கல்யாணமான ஒருவன் முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனானாம். மாமனார்தான் வந்துவிட்டார் என்று பெண்டாட்டி எழுந்து நின்று, உட்காருங்கள் என்றாளாம். இந்தக் கதையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள், ஆயிரம் தடவையும் சிரிப்பார்கள்.

பயம் என்றால், ஆலையை மூடிவிடுவார்களோ என்பதுதான். இருமலுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. இருமல் பழகிவிட்டது.

யார் முகத்தைப் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறாய். முன்னெல்லாம் பட்டன் அண்ணன் முகத்தை. அரவைக் கூடத்தில் மூத்தவர். மாவு உள்ளே போகக்கூடாதென்று எந்த வெயிலிலும் சட்டையைக் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கொண்டு திரிவார், அதனால் அந்தப் பெயர். மாவு கழுத்து வழியாகவா போகிறது? போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது எல்லாரும் பார்ப்பது உன் அத்தான் முகத்தை. இந்த வேலைநிறுத்தத்துக்குக்கூட அவர் எழுந்து நின்ற பிறகுதான் மற்றவர்கள் எழுந்தார்கள்.

ஒன்று சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். பட்டன் அண்ணன் கடைசியாக வேலைக்கு வந்த அன்று சைக்கிளை எடுக்கவில்லை. மிதிக்க மூச்சில்லை. "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன், காத்து இறங்காம பாத்துக்கம்மா" என்று டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு, ஆளைப் பிடித்து நடந்து போனார். வரவேயில்லை. அந்த சைக்கிள் மூலையில் அப்படியே நிற்கிறது. நான் பம்பை எடுத்து அதற்குக் காற்றடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உன் அத்தானுக்குக்கூடத் தெரியாது, தெரிந்தால் பைத்தியமா என்பார்.

நீ கேட்காததையும் எழுதுகிறேன். உன் அத்தான் இப்போது படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறார். கம்பெனி டாக்டரிடம் போனால் பீடியை விடச் சொல்கிறார். பீடி பிடிக்காத மனுஷன் எதை விடுவார்? இவர்கள் கேட்பது இரண்டே விஷயம். அரவைக் கூடத்தில் தூசி உறிஞ்சும் மெஷின் வேண்டும். வெளி டாக்டர் ஒருவர் வந்து எல்லாரையும் பார்க்க வேண்டும். இதை எப்படியாவது சேர்மன் வாயில் வரவழைத்துவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

கடைசியில் குறுக்கே இரண்டு வரி கிறுக்கியிருந்தாய், அத்தானை மூட்டை கட்டும் பக்கம் மாற்றிக்கொள்ளச் சொல், அரவைக் கூடம் இனி வேண்டவே வேண்டாம் என்று. படித்துக் காட்டினேன். "என்ன உன் தம்பிக்குத் திடீர்னு என் மேல பாசம் பொங்குது" என்று சிரித்தார். சிரித்து, அது இருமலாகி, அடங்க நேரமாயிற்று.

பேச்சை நன்றாக எழுது. நம் ஊர் வாயடைத்துப் போக வேண்டும்.

என்றும் உன் முதல் கூட்டமான,
அக்கா.

•

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. சேர்மன் உன்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார் என்றும், இனி உனக்குத் தனி அறை என்றும் எழுதியிருக்கிறாய். சந்தோஷம் என்று எழுதப் பார்க்கிறேன். கை வரவில்லை.

பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாய். நீ எழுதியதைக் கேட்டவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மைக்கை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் போட்டார்கள். சேர்மன் வந்ததும் பேசவில்லை. முன்னால் நின்ற ஒரு சைக்கிள் கம்பியில் விரலால் தேய்த்து, வெள்ளையாகிவிட்ட விரலை எல்லாருக்கும் காட்டினார். "இந்த மாவு உங்க வீட்டுக்குப் போட்ட சோத்தைத்தான் எங்க வீட்டுக்கும் போட்டுச்சு" என்றார். மாவு என்றார். பிறகு மாமனார் கதை. கேட் வரைக்கும் சிரிப்பு. இத்தனை நாளாக முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், பாவம், சிரித்துத் தொலைத்தார்கள்.

அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஸ்டாண்டுல ஒரு சைக்கிள் இருக்கு. அதுக்குச் சொந்தக்காரர் இல்ல. ஆனா அதுல காத்து மட்டும் இறங்கவே இல்ல" என்றார். "ஆலைன்னா கட்டடம் இல்ல, மெஷின் இல்ல. செத்துப்போனவர் சைக்கிளுக்கு இன்னமும் காத்தடிக்கிற அந்தக் கைதான்" என்றார். எல்லாரும் திரும்பி மூலையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பட்டன் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டினேன். முதலில் தட்டியதே நான்தான். உன் எழுத்து என்று பெருமையில் தட்டினேன். அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் உன் அத்தானை மேடைக்குக் கூப்பிட்டார். "பெரியவர் நிக்க வேண்டாம்" என்று தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்கு இருமல் வந்ததும் தன் தண்ணீரை எடுத்துக் கொடுத்தார். அத்தனை பேர் முன்னால் அந்தத் தண்ணீரைக் குடித்த மனிதர் பிறகு என்ன பேசுவார், நீயே சொல்.

நடுவில்தான் வந்தது. மெஷினுக்கு இந்த வருஷம் வசதியில்லை, வெளி டாக்டர் என்பது நம்மை நாமே நம்பாத பேச்சு, கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆலைக் கதவு யார் கையிலும் இல்லை. சட்டென்று சொல்லிவிட்டு, உடனே தன் அப்பா கதைக்குப் போய்விட்டார். முன்னால் அழுகை, பின்னால் அப்பா, நடுவில் இது. கேட்டவர்களுக்கு மென்று பார்க்க நேரம் கிடைக்கவில்லை. கசப்பை எப்போதும் நடுவில் வைக்க வேண்டும் என்று நீ ஒருமுறை வந்தபோது உன் அத்தானிடம் அளந்தாயே, அது என் நினைவுக்கு வருவதற்குள் சேர்மன் முடிவுக்கு வந்துவிட்டார்.

முடிவு ஒரே வரி. "வாங்க, எல்லாரும் உள்ளே போலாம். சரின்றவங்க கை தூக்குங்க."

உள்ளே என்றார் தம்பி. நான் உனக்கு எழுதிய சொல்.

கூட்டம் முழுக்க மேடையில் உட்கார்ந்திருந்த உன் அத்தான் முகத்தைப் பார்த்தது. சேர்மன் கை அவர் தோளில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன முகம் காட்டினேன் என்று எனக்கே நினைவில்லை, கைதட்டிய முகம்தான் அப்போதும் மிச்சம் இருந்திருக்கும். கையை மெதுவாகத் தூக்கினார். தோளுக்கு மேலே கூடப் போகவில்லை. அது போதுமாக இருந்தது. ஒவ்வொன்றாக எல்லாக் கையும் எழுந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "நீ அந்த சைக்கிளுக்குக் காத்தடிக்கிறது எனக்கே தெரியாதே. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். சொன்னேன். எதை எதை எழுதினேன் என்று முழுக்கச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம். "உன் தம்பி நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளே உள்ளே போய்விட்டார்கள். உன் அத்தானும் அரவைக் கூடத்துக்கே போகிறார். மூட்டை கட்டும் பக்கம் மாற்றித் தருகிறேன் என்று ஃபோர்மேன் சொல்லியும் கேட்கவில்லை. "என்னப் பாத்துத்தான் கை தூக்கினாங்க. அவங்க மாவுல நிக்க நான் மட்டும் மூட்டை கட்டவா" என்கிறார்.

பட்டன் அண்ணி ஸ்டாண்டுக்கு வந்தார். சைக்கிளை எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மூலைக்குப் போய் நின்றார். "உயிரோட இருந்தப்ப அவரை யாராலயும் வளைக்க முடியல. செத்தப்புறம் அவரு சைக்கிளை வச்சே ஆளுங்களை வளைச்சிட்டீங்களேம்மா, அக்காவும் தம்பியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சைக்கிளைத் தொடவில்லை.

நீ வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய், சொன்னதை எழுதுவதுதான் உன் வேலை என்று மனசு சமாதானம் சொல்கிறது. ஆனால் மாவு என்ற சொல்லையும் உள்ளே என்ற சொல்லையும் எந்த இடத்தில் வைத்தால் வேலை செய்யும் என்று உட்கார்ந்து யோசித்தவன் நீதானே. அதை யோசிக்கும்போது எங்கள் முகம் உனக்கு வரவில்லையா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். உன் பதில் எப்படியும் நன்றாகத்தான் இருக்கும், அதைத் தாங்க இப்போது எனக்குத் தெம்பில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா.

•

தம்பிக்கு,

பல மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நீ இடையில் போட்ட கடிதங்கள் எல்லாம் வந்தன. பிரிக்காமல் வைத்திருந்தேன், இந்த வாரம்தான் உட்கார்ந்து படித்தேன். அத்தானுக்கு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றிலும் கேட்டிருக்கிறாய். கடைசியில் சொல்கிறேன்.

இங்கே இப்போது ஒரு காரியம் நடக்கிறது. ஆலைக்காரர்கள் இருமலைப் பற்றி விசாரிக்க அரசாங்கத்திலிருந்து ஒரு குழு வருகிறது. நகராட்சி மண்டபத்தில் எல்லார் முன்னாலும் விசாரிப்பார்களாம். கம்பெனி சார்பில் வக்கீல் பேசுவார். ஆலைக்காரர்கள் சார்பில் ஒருவர் பேசலாம், ஒருவர்தான், நேரமும் கொஞ்சம்தான். செயலாளர்தான் பேசுவதாக இருந்தது. சங்க அறையில் பேசிப் பார்த்தார். மூன்றாவது வாக்கியத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. அடுத்தவர் எழுந்தார், அவருக்கு அதுவரை கூடப் போகவில்லை. ஆளை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தார்கள் தம்பி. அரவைக் கூடத்தில் வேலை செய்தவர்களில் ஒருவருக்குக்கூடப் பேச்சை முடிக்கும் அளவுக்கு மூச்சில்லை. அந்த அறையில் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பட்டன் அண்ணிதான் என்னைக் கைகாட்டினார். "இவ சொன்னதை வச்சுத்தானே அவங்க பேசி ஜெயிச்சாங்க. அந்த வாயே நமக்காகப் பேசட்டும். இவளுக்கு மூச்சும் இருக்கு" என்றார். அன்பில் சொன்னாரா, கோபத்தில் சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒத்துக்கொண்டேன்.

பேச்சு தயாரிப்பது இவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நீ முன்பு எழுதிய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன், வேறு எனக்கு யார் சொல்லித் தருவார்கள்? முதலில் மூட்டை. ஸ்டாண்டைப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வீடு வீடாகப் போனேன். ஒருத்தி தன் புருஷன் சட்டையை உதறிக் காட்டினாள், துவைத்து மடித்த சட்டை, அதிலிருந்தும் வெள்ளையாக விழுந்தது. ஒரு வீட்டில் மாடிக்கு ஏற முடியாததால் படுக்கையைச் சமையலறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை, "எழுதி அனுப்பப் போறியா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும். அதையும் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

சேர்த்ததையெல்லாம் முதலில் அப்படியே பேசிப் பார்த்தேன். கொடித் துணிகள்தான் கூட்டம், உன் வழிதான். பேசப் பேசத் தீரவே இல்லை. எதை விடுவது? எல்லாம் ஒருவருடைய உயிர் அல்லவா? விட்டேன். சட்டையை வைத்துக்கொண்டேன், படுக்கையை விட்டேன். விட்ட வீட்டுக்காரியைத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன். பட்டன் அண்ணி முன்னால் ஒருமுறை பேசிக் காட்டினேன். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாதே. நீ அழுதா தண்ணி குடுப்பாங்க, காது குடுக்க மாட்டாங்க. தண்ணி குடுத்தா என்ன ஆகும்னு நாம பாத்தாச்சு" என்றார். சரியென்று அந்த இடத்தை அழாமல் பேசப் பழகுகிறேன். வேகமாகப் பேசினால் அழுகை வருகிறது, மெதுவாகப் பேசினால் வருவதில்லை. இது உன் விதிகளில் இல்லை, எழுதி வைத்துக்கொள்.

கேட்கப்போகிறவர்கள் யார் என்று முதலில் பார் என்பாய். குழுவில் மூன்று பேராம், ஊர் தெரியாதவர்கள். அதனால் மாவு என்றால் என்ன, உள்ளே என்றால் என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். மாமனார் கதை கிடையாது. ஆரம்பம் சைக்கிள்தான். சேர்மன் எடுத்துக்கொண்டதைத் திரும்ப வாங்கி, அண்ணி அனுமதியோடு, அதற்குரிய இடத்தில் வைக்கிறேன். முடிவில் இறந்துபோனவர்கள் பெயர்களை வாசிப்பேன், வேறு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிடுவேன்.

ஆரம்பம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. நடுவில்தான் ஒன்றுமில்லை.

நடுவில் வரவேண்டியது இதுதான். மாவு ஆளைக் கொல்கிறது என்று கம்பெனிக்கு முன்பே தெரியுமா, தெரிந்தேதான் எல்லாரையும் உள்ளே அனுப்பினார்களா? வக்கீல் தெரியாது என்றுதான் சொல்வார். எங்களிடம் அதற்கு எதிராகச் சொல்ல இருமலைத் தவிர எதுவும் இல்லை. கம்பெனி டாக்டரை எங்கேயோ தூரமாக மாற்றிவிட்டார்கள். அவர் எங்கள் ஆட்களுக்கு எடுத்து வைத்திருந்த எக்ஸ்ரே படங்களும் அவரோடு போயின.

வீடு வீடாகப் போனபோது அந்த டாக்டரிடம் இருந்த கம்பவுண்டர் வீட்டுக்கும் போனேன். என்னைப் பார்த்ததும், "உங்க தம்பி அப்படியே உங்க ஜாடைங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. "அதான், சேர்மன் பேசறதுக்கு முன்னாடி தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்து டாக்டரோட உட்கார்ந்திருந்தாரே. படங்களை ஒண்ணொண்ணா வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்தாரு. உங்க வீட்டுப் பெரியவர் படத்தைக் கீழ வைக்கவே இல்ல. என்னைக் கதவைச் சாத்திட்டு வெளிய போகச் சொன்னாங்க. திரும்பிப் போறப்ப தம்பி முகத்துல ஈயாடல" என்றார்.

நீ ஊருக்கு வந்தாய். வீட்டுக்கு வரவில்லை.

வந்து போன பிறகுதான் உன் கேள்வித்தாள் எனக்கு வந்திருக்கிறது. அதன் கடைசியில்தான் குறுக்கே எழுதினாய், அத்தானுக்கு அரவைக் கூடம் வேண்டவே வேண்டாம் என்று. பாசம் பொங்குகிறது என்று நாங்கள் சிரித்தோமே, அது பாசம்தான் தம்பி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. தெரிந்துகொண்டவன் பாசம். உன் அத்தான் ஒருவரை மட்டும் மெதுவாக வெளியே இழுத்துவிடப் பார்த்தாய். மற்றவர்களை உள்ளே அனுப்புகிற வரியை அதே கையால் எழுதினாய்.

மூட்டை நிறையச் சேர்த்துக் கைப்பிடி எடுப்பேன் என்பாயே. எடுத்த கைப்பிடியை நாங்கள் பார்த்துவிட்டோம். எடுக்காமல் விட்ட மீதி உன்னிடம் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார், அதை நீ யாரிடம் போய்ச் சொன்னாய், சொன்ன பிறகும் இந்தப் பேச்சைத்தான் எழுதச் சொன்னார்களா? எனக்கு வேண்டியது அவ்வளவுதான். என் பேச்சின் நடுவில் அதற்கு இடம் விட்டிருக்கிறேன். எவ்வளவு இடம் என்று எனக்கே தெரியவில்லை.

உன் வேலை போகும், தனி அறை போகும். கைகொடுத்தவர் முகம் எப்படி மாறும் என்று நீ என்னைவிட நன்றாக அறிவாய். அதெல்லாம் தெரியாமல் கேட்கவில்லை.

அத்தானுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஸ்டாண்டில் மூலையில் இப்போது இரண்டு சைக்கிளுக்குக் காற்றடிக்கிறேன்.

உனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்றவள் நான்தான். எல்லாரும் என்னைத் திட்டினார்கள், கூடப்பிறந்தவனுக்குச் சொல்லாமல் எடுப்பதா என்று. நீ வந்தால் யாராவது உன்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். நீ பேசினால் நன்றாகப் பேசுவாய். எல்லாரும் அழுவார்கள். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. இறந்தவர் முன்னால் யாரும் எதுவும் பேசவில்லை, வந்தவர்கள் இருமியது மட்டும்தான் கேட்டது. அவர் உன்னைப் பற்றிக் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஒருநாள் சுவரில் சாய்ந்தபடியே, "பேச்சை முடிக்கத் தெரிஞ்ச பய. எங்க ஆரம்பிக்கணும்னுதான் தெரியல" என்றார். அவர் உன்னைப் பற்றிச் சொன்னதில் அதுதான் கடைசி.

எனக்குக் கோபம் தீரவில்லை, இப்போதைக்குத் தீராது. ஆனாலும் இங்கே எல்லார் வீட்டிலும் பார்த்துவிட்டு வந்தவள் சொல்கிறேன், நீ நல்ல மூச்சோடு நீண்ட நாள் இருக்க வேண்டும். ஓடினால் இரைக்காமல், சிரித்தால் இருமாமல், படுத்துத் தூங்க வேண்டும். இந்த வாழ்த்தை எந்தக் கோபத்திலும் நான் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

விசாரணை நாள் செய்தித்தாளில் வந்திருக்கிறது, நீ பார்த்திருப்பாய். நான் சைக்கிளில் ஆரம்பித்து, சட்டையை உதறிவிட்டு, நடுவுக்கு வருவேன். வந்ததும் நிறுத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்ப்பேன். சின்ன வயதில் நீ மறந்துபோய் நின்றபோதெல்லாம் துணிகளுக்கு நடுவிலிருந்து நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் உன்னைத் தனியாக நிற்க விட்டதில்லை. அன்றைக்கு நான் நிற்பேன். நீ எழுந்து எடுத்துக் கொடு.

உன் அக்கா.